ஆஸ்டர்ஃபீல்டிலிருந்து பிளிமத் வரை: வில்லியம் பிராட்ஃபோர்டைத் தேடி 13 நாட்கள்

கிளம்பும் முன்

1620-ல் மேஃப்ளவர் கப்பலில் வட அமெரிக்கா போன ஆங்கிலேயர்களில் வில்லியம் பிராட்ஃபோர்ட் ஒருவர். மறு வருடமே பிளிமத் குடியேற்றத்தின் ஆளுநரானார், 1657-ல் சாகும் வரை முப்பது தடவை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியேற்றத்தின் வரலாற்றைக் கைப்பட எழுதி வைத்தவரும் அவரே. ஏறத்தாழ 270 பக்கம். அத்தனை பக்கத்தில் தாய் தகப்பன் பெயர் இல்லை, பிறந்த ஊர் இல்லை, சிறு வயதும் இல்லை. தன்னைக் கவனமாக வெளியே விட்டுவிட்டு எழுதிய மனிதர். அதனால் ஒரு கிராமத்துக் குருவானவர் ஞானஸ்நானப் பதிவேட்டில் எழுதிய வரியிலும், ஒரு டச்சு எழுத்தர் திருமணப் பேரேட்டில் எழுதிய வரியிலும்தான் அவர் அகப்படுகிறார். இந்தப் பயணம் அந்த வரிகளைத் தேடித்தான்.

இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு மூன்று விசா வேண்டும்: பிரிட்டன், ஷெங்கன், அமெரிக்கா. அமெரிக்க விசாவின் நேர்காணல் தேதிக்குத்தான் அதிகம் காத்திருக்க நேரும், அதை முதலில் போடுங்கள். இங்கிலாந்து, நெதர்லாந்து, அமெரிக்கா என்று ஒரே போக்கில் போனால் எந்த நாட்டுக்குள்ளும் இரண்டாம் முறை நுழைய வேண்டியதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏற்ற காலம். அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பிராவின்ஸ்டவுன் போகும் வேகப்படகு வெயில் காலத்தில் மட்டுமே ஓடும்.

ஆவணக் காப்பகங்களில் பேனா கூடாது. பென்சில், லேப்டாப், அடையாள அட்டை, இவ்வளவுதான் உள்ளே போகும். பார்க்க வேண்டிய ஆவணக் கட்டின் எண்ணை வீட்டிலிருந்தே அட்டவணையில் தேடி, நாள் குறித்துச் சொல்லிவையுங்கள். நேரில் போய்க் கேட்டால் அன்றைக்கே கட்டு மேசைக்கு வரும் என்று நம்ப முடியாது.

நாள் 1: ரெட்ஃபோர்ட், பாப்வொர்த்

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரெட்ஃபோர்ட் ரயிலில் ஒன்றரை மணி நேரம். தங்குவதற்கு இந்த ஊர் நல்லது. நாட்டிங்ஹம்ஷைரின் வடக்கு மூலையில் இருக்கிறது. யார்க்ஷைர், லிங்கன்ஷைர் எல்லைகள் இரண்டும் கைக்கெட்டும் தூரம். ஊரிலுள்ள பாசெட்லா அருங்காட்சியகத்தில் இந்தக் குடியேறிகளுக்கென்றே ஒரு கூடம் உண்டு. முதலில் அங்கே போய் வரைபடத்தை மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். மூன்று மாவட்டங்கள் கூடும் இடம் என்பது வெறும் நிலவியல் விவரம் இல்லை, ஆவணங்கள் மூன்று பக்கம் சிதறிக் கிடப்பதற்குக் காரணமே அதுதான்.

பிற்பகலில் மேற்கே இரண்டரை கிலோமீட்டர் நடந்தால் பாப்வொர்த். மரங்களுக்கு நடுவே சகல பரிசுத்தவான்கள் ஆலயம். ரிச்சர்ட் கிளிஃப்டன் 1586 முதல் 1605 வரை இங்கே குருவானவர். இங்கிலாந்து திருச்சபையின் சடங்குகளை ஏற்காததால் பதவி பறிபோனது. பன்னிரண்டு வயதுப் பையனாக பிராட்ஃபோர்ட் அவர் பிரசங்கத்தைக் கேட்க ஆஸ்டர்ஃபீல்டிலிருந்து நடந்து வந்தார். ஒரு வழிக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர், திரும்பவும் அதே தூரம். முடிந்தால் ஒரு வழியாவது நடந்து பாருங்கள், மூன்றரை மணி நேரம் ஆகும். சொந்த ஊர் ஆலயத்தைத் தாண்டி வேறு சேகரத்தில் போய் ஆராதிப்பது அன்றைக்குச் சட்டப்படி குற்றம். நடந்த தூரத்தைவிட அதுதான் பெரிய துணிச்சல்.

நாள் 2: ஆஸ்டர்ஃபீல்ட், பாட்ரி, ஸ்க்ரூபி

டான்காஸ்டரிலிருந்து பாட்ரிக்குப் பஸ் உண்டு. அங்கிருந்து வடகிழக்கே இரண்டு கிலோமீட்டர் நடை ஆஸ்டர்ஃபீல்ட். ஒரே தெருதான் ஊர், நடுவில் புனித ஹெலேனா ஆலயம். கிராமத்து ஆலயங்கள் வார நாட்களில் பூட்டியிருப்பது வழக்கம். சபைப் பொறுப்பாளருக்கு முன்கூட்டியே எழுதிச் சாவிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஆலயம் நார்மன் காலத்துக் கட்டடம். தெற்கு வாசலுக்கு மேலே அரைவட்டக் கல்லில் ஒரு டிராகன், வால் சுருண்டு, வாய் பிளந்து. செதுக்கு முரடாக இருக்கும், நம் ஊர் யாளியின் நேர்த்தியை அதில் தேட வேண்டாம். பக்கவாட்டு வெயில் விழும் காலை நேரத்தில் செதில் கோடுகள் துலங்கும், உச்சிப் பொழுதில் கல்லோடு கல்லாக மறைந்துவிடும். 1590-ல் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனவர்களும் இதற்குக் கீழேதான் நுழைந்தார்கள். வடக்குப் பக்கச் சிறகு 1890-களில் பிராட்ஃபோர்டின் நினைவாகத் திரும்பக் கட்டப்பட்டது. அந்த வேலையின்போதுதான் தூண் தலையில் மறைந்து கிடந்த ஒரு பெண் உருவச் சிற்பம் வெளியே வந்தது.

இனி அந்த வரி. ஆஸ்டர்ஃபீல்ட் பதிவேட்டில் இருப்பது இவ்வளவே: வில்லியம் பிராட்ஃபோர்த்தின் மகன் வில்லியம், மார்ச் 19, ஆண்டு 1589, ஞானஸ்நானம். இதில் மூன்று இடறல்கள் இருக்கின்றன.

முதலாவது, ஆண்டு. அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. சித்திரை பிறந்தால்தான் நமக்கு ஆண்டு மாறுகிற மாதிரி, அவர்களுக்கு அந்தத் தேதியில்தான் மாறும். எனவே 1589 மார்ச் 19 என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 1590. குடும்ப வரலாற்று இணையதளங்களில் பாதிப் பேர் இங்கேதான் ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள். ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையுள்ள எந்தப் பதிவுக்கும் இரண்டு ஆண்டையும் சேர்த்து, 1589/90 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பெயர். தாத்தா வில்லியம், அப்பா வில்லியம், இவர் வில்லியம், பின்னால் இவர் மகனும் வில்லியம். எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும். ஞானஸ்நானத்தை மட்டும் தேடினால் ஆட்கள் கலந்துவிடுவார்கள், அடக்கப் பதிவுகளையும் கூடவே எடுத்துக் கோத்துப் பார்க்க வேண்டும். அப்பா 1591-ல் அடக்கம். தாய் ஆலிஸ் ஹான்சன் மறுமணம் செய்துகொள்ள, பையன் தாத்தா வீட்டுக்குப் போகிறான். தாத்தா 1596-ல் இறக்க, தாயிடம் திரும்புகிறான். அடுத்த வருடம் தாயும் போய்விட, சித்தப்பாக்கள் ராபர்ட், தாமஸ் வீட்டில் வளர்கிறான். ஏழு வயதுக்குள் மூன்று வீடு, மூன்று சாவு. அவர் எழுதாமல் விட்டதை இந்த அடக்க வரிகள் சொல்கின்றன.

மூன்றாவது, சேகரம். ஆஸ்டர்ஃபீல்ட் யார்க்ஷைரில் இருந்தாலும், நாட்டிங்ஹம்ஷைரிலுள்ள ப்ளைத் சேகரத்தின் கிளைச் சபை. மாவட்டத்தை மட்டும் வைத்துத் தேடினால் பாதிக் காகிதம் கண்ணில் படாது.

ஊரில் பிராட்ஃபோர்ட் பிறந்த வீடு என்று ஒன்றைக் காட்டுவார்கள். அது செவிவழிச் செய்தி, பார்த்துவிட்டு நகரலாம். நேரம் கொடுக்க வேண்டியது ஆலயத்துக்கு.

பாட்ரி திரும்பித் தெற்கே இரண்டரை கிலோமீட்டர் போனால் ஸ்க்ரூபி. லண்டனையும் எடின்பரோவையும் இணைத்த பழைய வடக்குப் பெருவழி இதுதான். யார்க் பேராயரின் மாளிகை இங்கே இருந்தது. அதன் மணியக்காரரின் மகன் வில்லியம் ப்ரூஸ்டர், இந்த வழியின் அஞ்சல் அதிகாரி. கேம்பிரிட்ஜில் கொஞ்ச காலம் படித்து, அரசியாரின் செயலர் டேவிசனிடம் வேலை பார்த்து, அவர் பதவி கவிழ்ந்தபின் ஊர் திரும்பியவர். அரச தபாலுக்குக் குதிரை மாற்றித் தரும் அதே வீட்டில்தான் ஞாயிறுதோறும் அரசரின் திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்கள் கூடி ஜெபித்தார்கள், பிராட்ஃபோர்டும் அவர்களில் ஒருவர். மாளிகையில் இப்போது மிச்சமிருப்பது ஒரு பண்ணை வீடு, தனியார் குடியிருப்பு. வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது. புனித வில்ஃப்ரிட் ஆலயத்தின் கூர்கோபுரத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் வைத்துக்கொண்டு நடக்கலாம்.

இந்த இரண்டு ஊரும் இன்று கைகாட்டிப் பலகையோடு நிற்பதற்குப் பின்னால் ஒரு எழுத்துப் பிழையின் கதை இருக்கிறது. 1702-ல் அச்சான காட்டன் மேதரின் நூலில் ஊர்ப்பெயர் ‘ஆன்ஸ்டர்ஃபீல்ட்’ என்று விழுந்துவிட்டது. அக்காலக் கையெழுத்தில் ஆங்கிலத்து ‘யூ’வும் ‘என்’னும் ஒன்றுபோலவே இருக்கும், இரண்டுக்கும் இரண்டு செங்குத்துக் கோடுதான். ஓலைச்சுவடியில் புள்ளியும் இல்லாமல், காலும் ரகரமும் வேறுபாடு தெரியாமல் திணறியவர்களுக்கு இது உடனே புரியும். ஆன்ஸ்டர்ஃபீல்ட் என்று ஒரு ஊர் இங்கிலாந்திலேயே இல்லை. ஏறத்தாழ நூற்றைம்பது வருடம் ஆள் எந்த ஊர் என்றே தெரியாமல் கிடந்தது. 1849-ல் ஜோசப் ஹன்டர் என்ற அரசு ஆவணக் காப்பாளர், ‘பிஷப்பின் மாளிகையில் கூடினார்கள்’ என்ற ஒரே குறிப்பைப் பிடித்துக்கொண்டு, அஞ்சல் துறைச் சம்பளக் கணக்கில் ப்ரூஸ்டர் பெயரை ஸ்க்ரூபியில் கண்டெடுத்தார். அக்கம்பக்கத்துப் பதிவேடுகளைப் புரட்டியபோது ஆஸ்டர்ஃபீல்ட் கிடைத்தது. சம்பளப் பட்டியல் ஒரு மனிதரின் ஊரைத் திருப்பித் தந்தது என்பதை நினைத்தால் இன்றும் சிலிர்க்கிறது.

நாள் 3: யார்க்

காகித நாள். யார்க் பல்கலைக்கழகத்திலுள்ள போர்த்விக் காப்பகத்தில் பழைய யார்க் மறைமாவட்டத்தின் உயில்களும் சபை நீதிமன்றப் பதிவுகளும் உள்ளன. நாட்டிங்ஹம்ஷைர் அப்போது யார்க்குக் கீழே இருந்ததால் ஸ்க்ரூபி ஆட்களின் உயிலும் இங்கேதான். சபைக்கு வராதவர்கள் மேல் வந்த புகார்ச் சீட்டுகளுக்கு மட்டும் நாட்டிங்ஹம் பல்கலைக்கழகக் காப்பகம் போக வேண்டும்.

கேட்க வேண்டியது இரண்டு. ஒன்று, சபை உயர் ஆணையத்தின் நடவடிக்கை ஏடு. ப்ரூஸ்டர் அழைப்பாணைக்கு வராததால் 20 பவுண்டு அபராதம் போட்ட செய்தி இதில்தான் வருகிறது. இன்னொன்று, உயிலோடு இணைந்த சொத்துப் பட்டியல்கள். இறந்தவர் வீட்டுக்குள் அண்டை அயலார் நாலு பேர் போய் அறை அறையாக, சட்டி பானை முதல் எழுதி விலை போட்ட பட்டியல். ஓர் உழவர் குடும்பம் எப்படி வாழ்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

கையெழுத்தைப் படிப்பதற்கு ஒரு வழி சொல்கிறோம். முதல் வரியிலிருந்து தொடங்காதீர்கள். உயில்களில் ‘ஆண்டவர் நாமத்தில் ஆமென்’ என்ற தொடக்கம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். தெரிந்த அந்தச் சொற்களில் ஒவ்வொரு எழுத்தின் வடிவத்தையும் தாளில் வரைந்து வைத்துக்கொண்டு, பிறகு தெரியாத பெயருக்கு வாருங்கள். ஒரு சொல் பிடிபடாவிட்டால் கோடிட்டு விட்டுவிட்டு மேலே போக வேண்டும். ஊகித்து நிரப்பினால் இன்னொரு ஆன்ஸ்டர்ஃபீல்ட் பிறக்கும்.

நாள் 4: கெயின்ஸ்பரோ

அரை நாள் போதும். பதினைந்தாம் நூற்றாண்டு மர மாளிகையான ஓல்ட் ஹாலின் கூடத்தில் நின்றுவிட்டு வரலாம், கூரை மரச்சட்டங்கள் அருமை. 1596-ல் இதை வாங்கிய ஹிக்மன் குடும்பம் பிரிந்த சபையாருக்கு ஆதரவாக இருந்தது. ஜான் ஸ்மித் என்ற போதகரின் சபை இந்த ஊரில்தான் கூடியது. அவரோடு ஆம்ஸ்டர்டாம் போனவர்களிடமிருந்துதான் பின்னால் பாப்டிஸ்ட் சபை கிளைத்தது. வர்ஜீனியா போன கேப்டன் ஜான் ஸ்மித் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நாள் 5: பாஸ்டன், லிங்கன்ஷைர்

1607 இலையுதிர் காலத்தில் ஸ்க்ரூபிக் கூட்டத்தார் ஹாலந்துக்குத் தப்ப முயன்ற ஊர். அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுப் போவது குற்றம் என்பதால் கப்பலை ரகசியமாகப் பேசினார்கள். மாலுமி பணத்தையும் வாங்கிக்கொண்டு, இரவில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தான். சட்டைக்குள் வரை கைவிட்டுப் பணம் தேடினார்கள், பெண்களையும் விடவில்லை என்று பிராட்ஃபோர்ட் எழுதுகிறார். அவர் எழுத்தில் கோபம் வெளியே தெரியும் அபூர்வமான இடம் அது. ஒரு மாதச் சிறைக்குப் பிறகு ஏழு பேரை நிறுத்திவைத்து மற்றவர்களை அனுப்பிவிட்டார்கள்.

கில்ட்ஹால் இப்போது அருங்காட்சியகம். கீழ்த்தளத்துச் சிறையறைகளின் இரும்புக் கதவுக்குள் நின்றால் இரண்டு பக்கச் சுவரையும் ஒரே சமயத்தில் தொட்டுவிடலாம் போலிருக்கும். பிடிபட்ட இடமாகக் கருதப்படும் ஃபிஷ்டாஃப்ட் கரையில் ஒரு நினைவுக்கல் உண்டு. மழை பெய்திருந்தால் பாதை சேறு, உயரமான காலணி போட்டுக்கொள்ளுங்கள்.

புனித பொட்டால்ஃப் ஆலயக் கோபுரத்தைக் காட்டி ‘அமெரிக்கப் பாஸ்டனுக்குப் பெயர் வந்தது இங்கிருந்து’ என்பார்கள். உண்மைதான், ஆனால் அது 1630-ல் போன வேறொரு கூட்டத்தின் கதை. அவர்கள் திருச்சபைக்குள் இருந்தபடியே சீர்திருத்த நினைத்த பியூரிட்டன்கள். பிராட்ஃபோர்டின் ஆட்கள் வெளியேறியே விட்டவர்கள். இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்வது இந்தத் துறையில் அன்றாடம் நடக்கும் பிழை.

நாள் 6: இம்மிங்ஹம், ஹல்

1608 வசந்தத்தில் இரண்டாம் முயற்சி, இந்த ஹம்பர் கழிமுகத்திலிருந்து. டச்சுக் கப்பல் வரும் இடத்துக்கு ஆண்கள் தரைவழியாகவும், பெண்களும் குழந்தைகளும் சிறு படகிலும் வந்தார்கள். ஒரு நாள் முன்னதாகவே படகு வந்துவிட்டது. அலை தாங்காமல் பெண்கள் வாந்தி எடுக்க, படகை ஓர் ஓடைக்குள் ஒதுக்கினார்கள். விடிந்தபோது நீர் வற்றிப் படகு தரைதட்டிக் கிடந்தது. கப்பலிலிருந்து வந்த தோணி முதல் தடவையில் ஆண்களில் ஒரு பகுதியை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த தடவைக்குள் கரையில் ஆயுதத்தோடு ஆட்கள் வருவது தெரிந்து, கப்பல் தலைவர் நங்கூரம் எடுத்துவிட்டார். மனைவி மக்கள் சேற்றில், கணவன்மார் கடலில். வழியில் புயல் பிடித்து, கப்பல் நார்வே கரை வரை அலைந்தது.

இதை நேரில் புரிந்துகொள்ள வேண்டுமானால் வற்ற நேரத்தில் போக வேண்டும். பெரிய ஏற்றவற்றக் காலத்தில் இங்கே நீர்மட்டம் ஆறு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். முன்பின் தெரியாத ஓடையில் படகை விட்டுவிட்டுத் தூங்கினால் என்ன ஆகும் என்பது அந்தச் சேற்றுப் பரப்பைப் பார்த்த உடனே விளங்கும். சேற்றில் இறங்காதீர்கள், இடுப்பு வரை உள்வாங்கும். மூலக் கரையில் இப்போது துறைமுகத் தொழிற்சாலைகள். 1924-ல் தெற்கு கில்லிங்ஹோமில் நட்ட நினைவுத்தூண், இம்மிங்ஹம் ஆலயத்துக்கு எதிரே மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது.

ஹம்பர் பாலம் வழியாக வடகரை போனால் ஹல். மாலைக் கப்பல் ஏறினால் மறுநாள் காலை ராட்டர்டாம் அருகே இறங்கலாம். விமானத்தைவிட இதையே சொல்வோம், அந்தக் கடலை இருட்டில் ஒரு முறை கடக்க வேண்டும்.

நாள் 7: ஆம்ஸ்டர்டாம்

நகரக் காப்பகத்தின் திருமணப் பதிவுகள் இணையத்தில் படிமமாகவே கிடைக்கும், ஆனாலும் ஃபெய்செல்ஸ்ட்ராட் தெருக் கட்டடத்துக்குப் போய்ப் பாருங்கள். தேட வேண்டியது 1613 நவம்பர் 9. அது திருமண நாள் அல்ல, திருமணம் செய்யப்போவதாக எழுதிக்கொடுத்த நாள். நம் சபைகளில் ஓலை வாசிப்பதற்குப் பெயர் கொடுப்பதைப் போல. திருமணம் டிசம்பர் 10.

வரியில் இருப்பது: வில்லியம் பிராட்ஃபோர்ட், ஆஸ்டர்ஃபீல்ட் ஊரார், ஃபஸ்டியன் (ஒரு தடித்த துணி) நெசவாளர், வயது 23, லெய்டன்வாசி, பெற்றோர் இல்லை. பெண் டாரதி மே, விஸ்பெக் ஊர், வயது 16. டச்சு எழுத்தர் காதில் விழுந்தபடி ஊர்ப்பெயர்களை எழுதியிருப்பதால் வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும். இந்த 23 என்ற எண்ணைக் கவனியுங்கள். மார்ச் 1590-ல் பிறந்தால்தான் 1613 நவம்பரில் 23. ஆஸ்டர்ஃபீல்ட் பதிவை அப்படியே 1589 என்று எடுத்தால் 24 வந்துவிடும். கடலுக்கு அப்பாலிருக்கும் ஒரு வரி, முதல் வரியைச் சரிபார்த்துத் தருகிறது.

ஒரு எச்சரிக்கை. ஹாலந்து 1583-லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 வரை மாறவில்லை. 17-ம் நூற்றாண்டில் வித்தியாசம் 10 நாள். எனவே ஒவ்வொரு தேதிக்குப் பக்கத்திலும் பழையது, புதியது என்று குறிக்காமல் எதையும் எழுதாதீர்கள்.

திருமணம் நடந்தது ஆலயத்தில் அல்ல, நகர அதிகாரிகள் முன்னிலையில். திருமணம் சிவில் ஒப்பந்தம் என்பது இவர்கள் கொள்கை. 1621-ல் பிளிமத்தின் முதல் திருமணத்தை ஆளுநராக இருந்து பதிந்தபோதும் ‘தாழ்நாடுகளின் பாராட்டத்தக்க வழக்கப்படி’ என்றே பிராட்ஃபோர்ட் எழுதினார்.

நாள் 8: லெய்டன்

1609 பிப்ரவரியில் நூறு ஆங்கிலேயர் குடியேற அனுமதி கேட்டு போதகர் ஜான் ராபின்சன் மனுக் கொடுத்தார். நகர மன்றத்தின் பதில் சுருக்கமானது: நேர்மையாக நடந்து, சட்டத்துக்குக் கீழ்ப்படியும் யாரையும் இந்நகரம் தடுப்பதில்லை. மனுவும் பதிலும் நகரக் காப்பகத்தில் இருக்கின்றன. 1612 மார்ச்சில் பிராட்ஃபோர்ட் இந்நகரின் குடிமகனானதும் பேரேட்டில் உண்டு. வீடு விற்று வாங்கிய விவரங்களை வட்டவாரியான பதிவேடுகளில் தேட வேண்டும். ஆள் பெயரை விடக் கால்வாயின் பெயரைப் பிடித்துத் தேடுவது சுலபம்.

ஃபஸ்டியன் என்பது ஆளிநார் பாவில் பருத்தி ஊடை கோத்து நெய்த தடித்த துணி. ஊடையை நெருக்கி அடிக்க வேண்டியிருப்பதால் தோளும் முதுகும் கழன்றுபோகிற வேலை. உழவர் வீட்டிலிருந்து வந்தவர்கள் இந்த உழைப்பில் சீக்கிரமே கிழடாவதைப் பார்த்தும்தான் இந்தச் சபை வேறு இடம் தேடியது. தங்கள் பிள்ளைகள் பாரம் தாங்காமல் குனிந்துபோனதை அவர் காரணங்களுள் ஒன்றாகவே எழுதியிருக்கிறார். மத சுதந்திரம் தேடி அமெரிக்கா போனார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அந்தச் சுதந்திரம் லெய்டனிலேயே இருந்தது. கூலியும், பிள்ளைகள் டச்சுக்காரர்களாகிவிடுவார்களோ என்ற பயமும், ஸ்பெயினோடு போர்நிறுத்தம் 1621-ல் முடியப்போவதும்தான் அவர்களைக் கிளப்பின.

பீட்டர்ஸ்கெர்க் ஆலயத்தின் வெளிச்சுவரில் ராபின்சனுக்கு 1891-ல் வைத்த பலகை. எதிரே சின்ன வாசலுக்குள் நுழைந்தால் ஜான் பெசைன் ஹோஃப், முதியோருக்காக 1683-ல் கட்டிய குட்டி வீடுகள். சபை 1611-ல் வாங்கிய பச்சை வாசல் வீடு நின்றது இதே மண்ணில்தான். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள், சத்தம் போடாமல் பார்த்துவிட்டு வாருங்கள். சந்து ஒன்றுக்கு ப்ரூஸ்டர் பெயர். 1617 முதல் 1619 வரை ஆங்கில அரசுக்குப் பிடிக்காத நூல்களை அவர் இங்கே அச்சடித்தார்.

நாள் 9: டெல்ஃப்ஸ்ஹாவன்

லெய்டனிலிருந்து ஃப்லீட் கால்வாயில் படகேறி, டெல்ஃப்ட் வழியாக இங்கே வந்து, 1620 ஜூலை 22-ல், புதிய கணக்கில் ஆகஸ்ட் 1-ல், ஸ்பீட்வெல் கப்பல் ஏறினார்கள். மெட்ரோ நிலையத்திலிருந்து பழைய ஆலயம் பத்து நிமிட நடை. படித்துறை சிறியது. பிராட்ஃபோர்ட் தம்பதி சின்ன வயது மகன் ஜானை ஹாலந்திலேயே விட்டுவிட்டுப் போனார்கள். டாரதி அதன்பின் பிள்ளையைப் பார்க்கவே இல்லை.

ஸ்பீட்வெல் 60 டன், மேஃப்ளவர் 180 டன். கப்பலுக்கு மீறிய பாய்மரம் நட்டிருந்ததால் காற்றில் பலகை இணைப்புகள் வாய்திறந்து நீர் கசிந்தது. சவுதாம்டனில் கிளம்பி, டார்ட்மத்தில் ஒதுங்கிச் செப்பனிட்டு, மறுபடி கசிந்து, இங்கிலாந்தின் பிளிமத்தில் கைவிட்டார்கள். பாய்மரத்தைக் குறைத்தபின் அதே கப்பல் நன்றாக ஓடியது. தெற்கு இங்கிலாந்துத் துறைகளை இந்தப் பயணத்தில் சேர்க்கவில்லை, பார்க்க நினைவுச்சின்னங்கள் உண்டு, படிக்க வரிகள் குறைவு.

நாள் 10: பாஸ்டன் விமானம்

மேஃப்ளவர் 102 பேரோடு செப்டம்பர் 6-ல் பிளிமத்தை விட்டு, நவம்பர் 9-ல் கரையைக் கண்டது. பழைய தேதிகள். அறுபத்து நாலு நாள்.

நாள் 11: பிராவின்ஸ்டவுன்

வேகப்படகில் ஒன்றரை மணி நேரம். 1910-ல் முடிந்த கருங்கல் நினைவுக்கோபுரம் 77 மீட்டர் உயரம். மேலே ஏறினால் முனை சுருண்டு வளைந்த துறைமுகம் முழுதும் தெரியும். நவம்பர் 11-ல் தங்களுக்குள் சேர்ந்து ஆட்சி நடத்துவோம் என்ற ஒப்பந்தத்தில் 41 ஆண்கள் கப்பலிலேயே கையெழுத்திட்டது இங்கேதான். கரை இறங்கித் தேடிப்போன முதல் நாட்களில், வளைத்துக் கட்டிய இளமரத்தையும் அதன் கீழே சிதறிக் கிடந்த ஏகோர்ன் கொட்டைகளையும் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் வந்த பிராட்ஃபோர்டின் காலைச் சுருக்கு இழுத்துக்கொண்டது. இந்த மண்ணின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் மானுக்கு வைத்த கண்ணி. கயிறு நம் ஆட்கள் திரிப்பதற்குக் குறையாத வேலைப்பாடு என்று ஆங்கிலேயர்களே எழுதினார்கள். ட்ரூரோவில் புதைத்து வைத்திருந்த மக்காச்சோளத்தையும் எடுத்துக்கொண்டார்கள். விதைக்கு வைத்திருந்தது அது, வேறொருவர் உழைப்பு.

டிசம்பர் 6-ல் பிராட்ஃபோர்ட் படகில் இன்னொரு தேடலுக்குப் போனார். மறுநாள் டாரதி கப்பலிலிருந்து விழுந்து நீரில் மூழ்கி இறந்தார். வயது 23. தற்கொலை என்று உலவும் கதைக்கு மூலம் 1869-ல் ஓர் அமெரிக்க மாத இதழில் வந்த கற்பனைக் கதை. அதற்கு முந்திய ஆவணம் எதிலும் அது இல்லை, எனவே எழுதாதீர்கள்.

நாள் 12: பிளிமத்

பாஸ்டன் சவுத் ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் வரலாம். எல்லோரும் முதலில் போவது பிளிமத் பாறைக்கு. பிராட்ஃபோர்ட் அதைப் பற்றி ஒரு சொல்கூட எழுதவில்லை. 1741-ல் 94 வயதுப் பெரியவர் ஒருவர் சொன்னதிலிருந்து பிறந்த நம்பிக்கை அது. கரையிறங்கிய நாளைக் கொண்டாடுவதிலும் பிழை உண்டு. பழைய டிசம்பர் 11, புதிய கணக்கில் 21. 1769-ல் விழா தொடங்கியவர்கள் தங்கள் நூற்றாண்டின் 11 நாளைக் கூட்டிவிட்டதால் 22 என்று நிலைத்துவிட்டது.

இந்த மண்ணின் பெயர் பட்டுக்செட். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் ஊரே அழிந்து, உழுத நிலம் ஆளில்லாமல் கிடந்தது. அந்த ஊரில் உயிர் மிஞ்சிய டிஸ்குவாண்டம்தான் இவர்களுக்கு மீனை உரமாக வைத்துச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தார். 1621-ல் வாம்பனோவாக் தலைவர் மாசசோயிட்டோடு உடன்படிக்கை. முதல் குளிர்காலத்தில் பாதிப் பேர் செத்திருந்தார்கள், அந்த உடன்படிக்கை இல்லாவிட்டால் மிச்சமும் இருந்திருக்காது. 1637-ல் மிஸ்டிக்கில் ஆங்கிலேயர் வைத்த தீயில் பீக்கோட் மக்கள் வெந்ததைப் பயங்கரக் காட்சி என்று எழுதிய பிராட்ஃபோர்ட், அதே மூச்சில் வெற்றிக்குக் கடவுளுக்கு நன்றி சொன்னதையும் எழுதுகிறார். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள். கோல்ஸ் குன்றில் 1970 முதல் ஒவ்வொரு நன்றியறிதல் நாளிலும் பூர்வகுடிகள் துக்கநாள் அனுசரிக்கிறார்கள்.

லெய்டன் தெருவில் ஒரு நடை போங்கள். 1620-ல் வீட்டுமனைகளைப் பிரித்த கோட்டுப்படம் பிராட்ஃபோர்ட் கைப்படவே குடியேற்றப் பதிவேட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. நடுவே தெரு, அதன் தெற்குப் பக்கத்தில் பெயர்கள். தெருவின் சரிவு இன்றும் அப்படியே. பிறகு 1824-ல் தொடங்கிய பில்கிரிம் ஹால் அருங்காட்சியகம். பரியல் குன்றிலுள்ள அவர் நினைவுத்தூணில் ஒரு வரி எபிரேயம். வயதான காலத்தில் கடவுள் பேசிய மொழியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எபிரேயம் படித்தார். சொற்களை எழுதிப் பழகிய பயிற்சி அவர் கையெழுத்துப் படியின் முன்பக்கங்களில் அப்படியே கிடக்கிறது.

1657 மே 22-ல் எழுதிய சொத்துப் பட்டியலில் அவர் உடைகள் வருகின்றன: வெள்ளிப் பொத்தான் வைத்த உடுப்பு, ஊதா மேலங்கி, சிவப்பு வெயிஸ்ட்கோட், கறுப்புத் தொப்பி ஒன்று, வண்ணத் தொப்பி ஒன்று. படங்களில் எல்லாம் கறுப்பு உடையில் நிறுத்தப்படும் மனிதரின் அலமாரி இது.

நாள் 13: பாஸ்டன்

மாசசூசெட்ஸ் அரசு நூலகம், ஸ்டேட் ஹவுஸ் கட்டடத்துக்குள். மூலப்படியைக் கையில் வாங்கிப் புரட்ட எதிர்பார்க்காதீர்கள், முழுப் படிமமும் இணையத்தில் இலவசம், அதுவே படிக்க வசதி. புரட்சிக்காலத்தில் பாஸ்டன் ஆலயம் ஒன்றின் சேகரிப்பிலிருந்து இது காணாமல் போனது. பிறகு ஓர் ஆங்கிலேய பிஷப் எழுதிய நூலில் இதன் வரிகள் மேற்கோளாக வந்ததை ஒருவர் கவனித்ததால், 1855-ல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹம் மாளிகை நூலகத்தில் இருப்பது தெரிந்தது. 1897-ல் திரும்பி வந்தது. அவருடைய கடித ஏட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கனடாவின் ஹாலிஃபாக்ஸில் ஒரு மளிகைக் கடையில் கிடைத்தபோது முதல் 338 பக்கம் போய்விட்டிருந்தது.

படிமங்களில் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். முப்பது வருடம் கழித்து மேஃப்ளவர் பயணிகளைக் குடும்பம் குடும்பமாக எழுதி, யார் பிழைத்தார், யாருக்கு எத்தனை பேரப்பிள்ளை என்று கணக்கு எடுத்திருக்கிறார். தன் குடும்பத்தையும் மற்றவர்களைப் போலவே படர்க்கையில் எழுதுகிறார்: வில்லியம் பிராட்ஃபோர்டும் அவர் மனைவி டாரதியும், ஒரே பிள்ளை, மகன், விட்டு வந்தார்கள், பின்னால் வந்து சேர்ந்தான். அதைத் தொடர்ந்து வரும் கணக்கில், அவர் மனைவி வந்து சேர்ந்த சில நாளில் இறந்தார். அதே மூச்சில் மறுமணத்தையும் நான்கு பிள்ளைகளையும் சொல்லிவிட்டு அடுத்த குடும்பத்துக்குப் போய்விடுகிறார்.